ஒரு லிட்டரும் ஒரு லிட்டரும்

ஒரு லிட்டர் தண்ணீரையும் ஒரு லிட்டர் எத்தனாலையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கினால் இரண்டு லிட்டர் வராது. மூன்று நான்கு விழுக்காடு குறையும். பள்ளி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். எடை போட்டால் கணக்கு சரியாக நிற்கும்; அளந்தால்தான் துண்டு விழும். இரண்டு வகை மூலக்கூறுகளும் தனித்தனியாக இருந்ததைவிடச் சேர்ந்தபின் நெருங்கி அமர்ந்துகொள்கின்றன, அதுதான் காரணம்.

இதைப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பது பொய்த்துவிட்டது’ என்று சொன்னவர் எவரும் இல்லை. ‘நிறையைக் கூட்டலாம், கொள்ளளவைக் கூட்டக்கூடாது’ என்று எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறோம். வேகத்தின் கதையும் இதுவே. ஒளிவேகத்தில் பாதியில் போகிற கலத்திலிருந்து, முன்னோக்கி, கலத்தைப் பொறுத்து ஒளிவேகத்தில் பாதியில் ஒரு குண்டை எறிந்தால், வெளியே நிற்பவருக்கு அது ஒளிவேகத்தில் 0.8 பங்கில்தான் போகும். 1905இல் ஐன்ஸ்டைன் இந்தக் கணக்கைப் போட்டபோது அடிபட்டது கூட்டல் அல்ல, வேகங்களைக் கூட்டலாம் என்ற நம் நினைப்பு.

கணிதம் உலகைச் சார்ந்ததா, இயற்பியல் கணிதத்தைச் சார்ந்ததா என்ற பழைய வழக்கில் நான் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான்: இரண்டும் ஒத்துப்போகாதபோது நட்டம் யார் தலையில் விழுகிறது?

*

இயற்பியல் பேராசிரியர் நண்பர் ஒருவர், டீக்கடையில்: “நீங்க இல்லாட்டி எங்களுக்குப் பேச்சு வராது சார், ஒத்துக்கறேன். ஆனா நாங்க இல்லாட்டி உங்களுக்குப் பேச விஷயமே இருக்காதே!”

பாதி சரி. எந்தப் பாதி என்று பார்க்க வேண்டும்.

*

நண்பரின் கட்சிக்குப் பெரிய வக்கீல் ரஷ்யக் கணிதர் விளாதிமிர் அர்னோல்ட். 1997 மார்ச்சில் பாரீசில் பேசினார். கணிதம் இயற்பியலின் ஒரு பகுதி. சோதனை செய்யச் செலவு குறைவான பகுதி, அவ்வளவுதான் என்றார். 2+3 எவ்வளவு என்று பிரெஞ்சுப் பள்ளிப் பையனிடம் கேட்டார்களாம். கூட்டல் பரிமாற்று விதிக்கு உட்பட்டது, ஆகவே 3+2 என்றானாம். ஐந்து என்று சொல்லத் தெரியவில்லையாம். படம் வரையாமல், உலகத்தைக் காட்டாமல், வெறும் விதிகளாகவே கணிதத்தைச் சொல்லிக்கொடுத்த பூர்பாக்கி என்ற பிரெஞ்சுக் கணிதக் குழுவின் பரம்பரை மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம்.

கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரிலும் அந்தப் பையன் இருக்கிறான். நூற்றுக்கு நூறு வாங்குகிறான். ஆனால் அர்னோல்டின் கட்சியில் சேர எனக்கு மனமில்லை. ஒன்று எங்கே பிறந்தது என்பதும், அதன் சரி தப்பை யார் சொல்வது என்பதும் வேறு வேறு கேள்விகள். அர்னோல்ட் முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சேர்த்து வெற்றி கொண்டாடுகிறார்.

*

பிறப்பு விஷயத்தில் அவர் பக்கம் எவ்வளவு பலம் என்பதற்கு ஃபூரியே ஒருவர் போதும்.

நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்த் திரும்பி, கிரெனோபிளில் மாவட்ட நிர்வாகம் பார்த்துக்கொண்டே, இரும்பில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தவர். இரும்பு வளையத்தைச் சூடாக்கி, ஆங்காங்கே வெப்பமானி செருகிப் பார்த்தார். 1807இல் பாரீஸ் அறிஞர் அவைக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். தொடக்கத்தில் வெப்பம் எப்படி வேண்டுமானாலும் பரவியிருக்கட்டும், ஒரு முனையில் சூடு, மறுமுனையில் திடீரென்று குளிர் என்றுகூட இருக்கட்டும், அதைச் சைன், கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்றார். நடுவர்களில் ஒருவரான லக்ராஞ்சு ஒப்பவில்லை. வழுவழுப்பான அலைகளைக் கூட்டி முறிந்த கோட்டை எப்படி வரவழைப்பது? நியாயமான கேள்விதான். புத்தகம் வெளிவர 1822 ஆயிற்று.

வெப்பம் சரியாகத்தான் பரவியது. கணிதம்தான் பின்தங்கியது. எப்போது அந்தத் தொடர் ஒரு மதிப்பில் போய் நிற்கும்? ‘சார்பு’ என்றால் என்ன? ‘தொடர்ச்சி’ என்றால் என்ன? 1829இல் டிரிக்லே ஒரு பதில் தந்தார், 1854இல் ரீமான் இன்னொன்று. பிறகு ஹாலே பல்கலைக்கழகத்தில் ஹைனெ என்ற மூத்தவர், புதிதாகச் சேர்ந்த கான்டரிடம் ஒரு சந்தேகத்தை ஒப்படைத்தார்: ஒரே சார்பை இரண்டு வெவ்வேறு அலைத்தொடர்களாக எழுத முடியுமா? முடியாது என்று 1870இல் கான்டர் நிரூபித்தார். அதோடு விட்டாரா? சில புள்ளிகளில் மட்டும் தொடர் சரியாக இல்லாமல் போனாலும் இதே முடிவு நிற்குமா என்று கேட்டார். எத்தனை புள்ளிகள்வரை விட்டுக்கொடுக்கலாம்? முடிவில்லாத புள்ளிகளையும் விடலாமா? எந்த மாதிரியான முடிவில்லாமை?

அந்தக் கேள்வியின் பின்னால் போய்த்தான் கணக் கோட்பாடு பிறந்தது. 1874இல் வந்த அவருடைய கட்டுரை: மெய்யெண்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி எண்ணி முடிக்க எந்த வழியும் கிடையாது. முடிவிலியிலும் சிறிது பெரிது உண்டு.

இன்று ‘தூய’ கணிதத்துக்கு அடித்தளமாகச் சொல்லப்படுவது இந்தக் கணக் கோட்பாடுதான். அதன் மூதாதை ஒரு சூடான இரும்பு வளையம். அர்னோல்டுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

*

அதே வம்சத்தின் அடுத்த தலைமுறை. 1924இல் பானாக், தார்ஸ்கி என்ற இரண்டு போலந்துக்காரர்கள் ஒரு தேற்றம் நிரூபித்தார்கள். திடப் பந்து ஒன்றைச் சில துண்டுகளாகப் பிரித்து, எதையும் இழுக்காமல் நீட்டாமல், திருப்பியும் நகர்த்தியும் மட்டும் சேர்த்து, அதே அளவில் இரண்டு பந்துகள் செய்யலாம். ஐந்து துண்டுகள் போதும் என்று பின்னால் காட்டினார்கள்.

நகைக்கடை வைத்திருப்பவர்கள் உற்சாகப்பட வேண்டாம். தங்கத்தில் அணு உண்டு. அந்தத் துண்டுகளோ கன அளவு என்ற ஒன்றே சொல்ல முடியாதவை. எந்தக் கத்தியும் அப்படி வெட்டாது.

தேற்றம் பொய்யா? இல்லை. தேர்வு அடிகோளை ஏற்றுக்கொண்டால் நூற்றுக்கு நூறு மெய். இரும்பு வளையத்தில் தொடங்கிய கணிதம், உலகம் கைகழுவிவிட்ட இடத்துக்கு வந்து சேர்ந்து, அங்கேயும் மெய்யாகவே இருக்கிறது. கான்டர் விட்டுச்சென்ற இன்னொரு கேள்வி, எண்ணத்தக்க முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் நடுவே வேறொரு முடிவிலி உண்டா என்பது. வழக்கமான அடிகோள்களை வைத்துக்கொண்டு, ‘இல்லை’ என்ற விடையை மறுக்க முடியாது என்று கியோடல் 1940இல் காட்டினார்; நிறுவவும் முடியாது என்று கோஹன் 1963இல் காட்டினார். எந்த இரும்பு வளையத்தைக் காய்ச்சியும் இதற்கு விடை காண முடியாது. அர்னோல்ட் சொன்ன மலிவான சோதனை இங்கே எது?

*

பாண்டிச்சேரி, 1825. ஜான் வாரன் என்பவர், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை உட்காரவைத்து, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பினார். தாள் இல்லை, எழுத்து இல்லை. வேண்டிய அட்டவணைகளெல்லாம் எண்ணுக்கு எழுத்தாகக் கோத்த வாக்கியங்களாக மனப்பாடம். கணித்துச் சொன்ன நேரம், கிரகணத்தின் தொடக்கத்துக்கு 4 நிமிடமும் நடுவுக்கு 23 நிமிடமும் முடிவுக்கு 52 நிமிடமும் விலகியிருந்தது. வாரன் இதை அதே ஆண்டு சென்னையில் வெளியான ‘கால சங்கலிதம்’ என்ற தம் நூலில் பதிந்திருக்கிறார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, பண்டைய வானியலின் வரலாற்றாசிரியர் நாய்கபாவர் அதை எடுத்துப் படித்து வியந்து எழுதினார்.

எனக்கு அந்த நிமிடங்களைவிட முக்கியமாகப் படுவது வேறு. நிலா ஏன் வேகம் கூடியும் குறைந்தும் போகிறது என்ற கேள்வியே அந்த முறைக்கு வேண்டியதில்லை. நிலாவின் வேகம் ஏறி இறங்கும் சுற்று சுமார் 27.55 நாள். ஒன்பது சுற்றுக்கு 248 நாள், ஏறத்தாழ முழு எண்ணாக வந்துவிடுகிறது. 248 நாளுக்கு 248 வாக்கியம். இன்னும் பிசகு சேராமலிருக்க 3031 நாள், 12372 நாள் என்று பெரிய சுழற்சிகள். முறையே 110 சுற்று, 449 சுற்று. நீங்களே பெருக்கிப் பாருங்கள், எவ்வளவு நெருக்கமாக விழுகிறது! ஈர்ப்புவிசை இல்லை, நீள்வட்டம் இல்லை. பொறுமையாகப் பார்த்த வானமும் நல்ல வகுத்தலும் மட்டும்.

இயற்பியல் இல்லாமல் கணிதத்தை வைத்தே வானத்தைப் பிடிக்கலாம் என்பதற்கு இது சான்று. எவ்வளவு காலம் பிடிக்கலாம் என்பதற்கும் இதுவே சான்று. வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் அச்சாகிறது, திருக்கணிதம் தனியாக அச்சாகிறது. திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் வந்த சனிப்பெயர்ச்சி, திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப்படி 2026 மார்ச்சில். ஏறத்தாழ ஒரு வருட வித்தியாசம். சனிக்கோள் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தொலைநோக்கியில் பார்ப்பவர் திருக்கணிதத்தோடு ஒத்துப்போவார். வாக்கியத்துக்குள் கூட்டல் கழித்தல் எதுவும் தப்பில்லை. அது வானத்திடம் திரும்பக் கேட்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். நட்டம் கணிதத்துக்கு அல்ல என்று நான் சொல்வது இதைத்தான்.

(வழிபாட்டுக்கு எது சரி என்பது என் விஷயமல்ல. அது வேறு வழக்கு மன்றம்.)

*

பத்தாம் வகுப்புக் கணக்கு. 15 மீட்டர் உயர மாடியிலிருந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கல்லை மேலே எறிகிறோம். ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால் எப்போது தரையைத் தொடும்? இருபடிச் சமன்பாடு இரண்டு விடை தருகிறது: 3 வினாடி, −1 வினாடி. ‘நேரம் எதிர்மறையாகாது’ என்று எழுதி இரண்டாவதை அடித்துவிடுவோம். அதற்கு ஒரு மதிப்பெண் உண்டு.

அடித்த விடை உளறவில்லை. எறிவதற்கு ஒரு வினாடி முன்பு, தரையிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒருவன் கல் எறிந்திருந்தால், அது சரியாக நம் மாடியருகே அதே வேகத்தோடு வந்திருக்கும். சமன்பாட்டுக்கு மாடியும் தெரியாது, நாம் எறிந்ததும் தெரியாது. அது பாதையை மட்டும் சொல்கிறது. எந்த விடையை வைத்துக்கொள்வது என்பது நம் வேலை.

1928இல் எலக்ட்ரானுக்குச் சமன்பாடு எழுதிய டிராக்குக்கு இதே தொல்லை. ஆற்றல் எதிர்மறையாக ஒரு விடை வந்தது. அடித்துவிட முடியவில்லை. அடித்தால் கோட்பாடு நிற்காது. முதலில் அதைப் புரோட்டானோடு முடிச்சுப்போடப் பார்த்தார். சரிப்படவில்லை. 1931இல், எலக்ட்ரானின் நிறையும் நேர்மறை மின்னூட்டமும் கொண்ட புதிய துகள் இருக்க வேண்டும் என்றார். 1932இல் ஆண்டர்சன் அதன் தடத்தைப் படம் பிடித்தார்.

கணிதம் உலகைக் கண்டுபிடித்துக் கொடுத்தது என்று இதைச் சொல்வார்கள். நான் கொஞ்சம் குறைத்துச் சொல்வேன்: கணிதம் இரண்டு விடையை நீட்டியது. எதை அடிப்பது, எதற்காகக் காத்திருப்பது என்று அது சொல்லவில்லை.

*

பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கதையின் முதல் பாதியை எல்லோரும் சொல்கிறார்கள். யுரேனசின் பாதை பிசகுகிறது; பேனாவும் தாளுமாக உட்கார்ந்து, அப்பால் ஒரு கோள் இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று கணித்தார்; 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார்; ஒரு பாகைக்குள் நெப்டியூன்.

இரண்டாம் பாதி: புதனின் பாதையும் பிசகியது. அதே மனிதர், அதே நியூட்டன், அதே முறை. 1859இல், சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே ஏதோ சுற்றுகிறது என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. பார்த்தேன் என்று சொல்ல ஒரு கிராமத்து மருத்துவரும் கிடைத்தார். கிரகணத்துக்குக் கிரகணம் தேடினார்கள். 1877 செப்டம்பர் 23இல், நெப்டியூன் கிடைத்த அதே தேதியில், வல்கனை நம்பிக்கொண்டே லெவெரியே இறந்தார். நூற்றாண்டுக்கு 43 ஆர்க் வினாடி அளவுள்ள அந்தச் சிறு பிசகுக்குக் கோள் எதுவும் காரணமில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டில் அது தானாக வந்து விழுந்தது.

இரண்டு தடவையும் அவருடைய கணக்கில் பிழை இல்லை.

*

இயற்பியலாளர் யூஜின் விக்னர் 1959இல் நியூயார்க்கில் ஆற்றி 1960இல் அச்சிட்ட உரை: இயற்கை அறிவியலில் கணிதம் இவ்வளவு பலிப்பதற்கு நியாயமே இல்லை, அது ஓர் அதிசயம் என்பார். எங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை: நெப்டியூன்கள்தாம் அந்தப் பட்டியலில் ஏறுகின்றன, வல்கன்கள் ஏறுவதில்லை. இயற்பியலைத் தொடாமலே நூலகத்தில் தூங்கும் தேற்றங்களையும் யாரும் எண்ணுவதில்லை. உயிரியலில் கணிதம் பலிக்கிற அளவைப் பார்த்தால் அதிசயம் என்று சொல்லத் தோன்றாது.

ஆனாலும், எல்லாவற்றையும் கழித்த பிறகும் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு நம் ஊர்க்காரர்.

*

இராமானுஜன் இயற்பியல் பக்கம் எட்டிப் பார்த்தவர் அல்லர். கும்பகோணத்தில் சிலேட்டும் நோட்டுமாக இருந்த காலத்திலேயே அவருக்கு இரண்டு முற்றொருமைகள் கிடைத்திருந்தன. ஒரு பக்கம் முடிவில்லாத கூட்டல், மறுபக்கம் முடிவில்லாத பெருக்கல், இரண்டும் சமம். நிரூபணம் இல்லை. கேம்பிரிட்ஜிலும் யாருக்கும் கைவரவில்லை. 1917இல் பழைய ஆய்விதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எல்.ஜே. ரோஜர்ஸ் என்பவர் 1894இலேயே அவற்றை நிரூபித்து, யாரும் கவனிக்காமல் கிடந்ததை இராமானுஜனே கண்டுபிடித்தார். ரோஜர்ஸ்–இராமானுஜன் முற்றொருமைகள் என்று பெயர் வந்தது அப்படி.

1980இல் ஆஸ்திரேலியாவில் ராட்னி பாக்ஸ்டர் ஒரு சிக்கலைத் தீர்த்தார். முக்கோணக் கட்டங்களில் துகள்களை வைக்க வேண்டும்; ஒன்றை வைத்த இடத்துக்கு அடுத்த புள்ளியில் இன்னொன்று வைக்கக்கூடாது. கிராஃபைட் பரப்பின் மேல் ஹீலியம் அணுக்கள் ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு மாதிரி. துகள்கள் கூடக்கூட, தாறுமாறாக இருந்தவை திடீரென்று ஒழுங்குக்கு வரும் இடம் எது? கணக்கைத் தீர்க்கத் தீர்க்க, நடுவில் வந்து நின்றவை அதே முற்றொருமைகள். மாறுநிலைப் புள்ளியில் தங்க விகிதத்தின் உறவுக்காரரான √5.

இதை எப்படிச் சொல்வது? இராமானுஜன் ஹீலியத்தை நினைக்கவில்லை. ஹீலியத்துக்கும் இராமானுஜனைத் தெரியாது. எண்களைச் சில நிபந்தனைகளோடு பிரித்து எழுதுவதும், துகள்களைச் சில நிபந்தனைகளோடு அடுக்குவதும் ஒரே எண்ணிக்கை வேலை என்பது சரியான விளக்கம்தான். ஆனால் அந்த விளக்கம் எண்பது சொச்சம் ஆண்டு கழித்து வந்தது. அதற்கு முன்னால் யாராவது அதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். முதலில் சிரித்திருக்கக்கூடியவர் கேம்பிரிட்ஜில் இராமானுஜனின் வழிகாட்டியான ஹார்டி: தம் கணிதத்தால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்று 1940இல் பெருமையோடு எழுதியவர். எண்கோட்பாட்டை வைத்து 1977இல் ஆர்எஸ்ஏ மறையாக்க முறை வந்ததை அவர் பார்க்கவில்லை. மரபியல் மாணவர்கள் மட்டும் ஹார்டியின் பெயரை ஹார்டி–வைன்பர்க் விதியாகத் தினமும் சொல்கிறார்கள்.

*

தப்பான இயற்பியலுக்கும் நல்ல கணிதம் பிறக்கும். 1867இல், எடின்பரோவில் டெயிட் செய்து காட்டிய புகை வளையங்களைப் பார்த்த கெல்வினுக்கு ஒரு யோசனை: அணு என்பது, வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அன்று நம்பிய ஈதரில் சுழலும் முடிச்சாக இருக்கலாம், முடிச்சுக்கு ஒரு தனிமம். டெயிட் உட்கார்ந்து முடிச்சுகளை வகைப்படுத்தத் தொடங்கினார். ஈதர் போயிற்று, முடிச்சணு போயிற்று. டெயிட்டின் அட்டவணை போகவில்லை. முடிச்சுக் கோட்பாடு என்று இன்று ஒரு முழுத் துறை. டெயிட் ஊகித்தவை சில 1987இல்தான் நிரூபணமாயின. நிரூபிக்கக் கைகொடுத்தது வான் ஜோன்ஸ் 1984இல் கண்ட பல்லுறுப்புக் கோவை. அதை ஜோன்ஸ் எடுத்தது குவாண்டம் இயற்பியலுக்காக உருவான இயற்கணிதத்திலிருந்து.

*

1991. கணிதக்காரர்கள் தலைகுனிந்த ஆண்டு, ஒரு வகையில்.

ஐந்தாம் படிச் சமன்பாட்டால் வரையறுக்கப்பட்ட ஒரு முப்பரிமாண வடிவம். அதன் மேல் எத்தனை நேர்கோடுகள் கிடக்கும்? 2875, இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியும். எத்தனை இரண்டாம் படி வளைகோடுகள்? 609250, இது 1986இல். மூன்றாம் படி? நார்வேயைச் சேர்ந்த எலிங்ஸ்ருட், ஸ்ட்ரோம இருவரும் பெரிய கணினி நிரல் எழுதிக் கண்ட விடை 2682549425.

அதே நேரத்தில் இயற்பியலாளர் கண்டேலாசும் மூன்று கூட்டாளிகளும் ஸ்டிரிங் கோட்பாட்டின் வழியாக வேறு எதையோ கணக்கிட்டு, போகிற போக்கில் எல்லாப் படிகளுக்கும் விடை சொன்னார்கள். மூன்றாம் படிக்கு அவர்கள் சொன்னது 317206375. அவர்களிடம் நிரூபணம் கிடையாது. ஒரு வடிவத்தின் மேல் எண்ணுவதை, ‘கண்ணாடி’ வடிவம் என்ற வேறொன்றின் மேல் தொகையீடாக மாற்றலாம் என்ற இயற்பியல் நம்பிக்கை மட்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை. யார் பக்கம் நிற்பீர்கள்?

நார்வேக்காரர்கள் நிரலைத் தேடிப் பார்த்தார்கள். பிழை இருந்தது. திருத்தியதும் வந்தது: 317206375.

இந்த நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, ஸ்டிரிங் கோட்பாட்டை இன்றுவரை எந்தச் சோதனையும் உறுதிசெய்யவில்லை. அது உலகைப் பற்றி மெய்யா என்றே தெரியாது. ஆனால் கணிதத்தைப் பற்றி மெய் சொல்லிவிட்டது! இரண்டு, எண் ஒத்துப்போன பிறகும் கணிதக்காரர்கள் ‘சரி, முடிந்தது’ என்று எழுந்து போகவில்லை. 1990களின் நடுவில் முறையான நிரூபணங்கள் வந்த பிறகுதான் கணக்கை மூடினார்கள். ஆயிரம் சரியான விடைகள் சேர்ந்தாலும் ஒரு நிரூபணம் ஆகாது. இயற்பியலில் ஆயிரம் சரியான விடைகளைத் தவிர வேறு சான்று கிடையாது.

*

சந்திரசேகர் விஷயத்தை இந்த வழக்கில் சாட்சிக்கு அழைப்பவர்கள் அடிக்கடி தப்பாக அழைக்கிறார்கள். 1930இல், சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்த பத்தொன்பது வயதுப் பையன், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில், வெள்ளைக் குள்ளன் விண்மீன் தாங்கக்கூடிய நிறைக்கு ஒரு வரம்பு கண்டான். இன்றைய மதிப்பில் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் விண்மீன் தன்னைத் தாங்காது. 1935 ஜனவரியில், இலண்டன் அரச வானியல் கழகத்தில் வானியலாளர் எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படிக் கோமாளித்தனமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்ற தொனியில் பேசினார்.

‘கணிதம் வென்றது, எடிங்டன் தோற்றார்’ என்று எழுதுகிறோம். அவ்வளவு எளிதல்ல. எடிங்டன் வகைக்கெழுவில் பிழை சொல்லவில்லை. சார்பியலையும் குவாண்டத்தையும் அந்த விதமாகச் சேர்த்ததைத் தாக்கினார். இயற்பியலைத்தான் தாக்கினார். தோற்றதும் அங்கேதான். அடர்ந்த விண்மீனுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடக்கும் என்று சந்திரசேகர் எடுத்துக்கொண்டது உலகோடு பொருந்தியது, அதனால் வரம்பு நின்றது. அவர் எடுத்துக்கொண்டது பொருந்தாமல் போயிருந்தால், அதே வழிமுறை ஒரு வரி பிசகாமல் தப்பான விண்மீனைக் கொடுத்திருக்கும்.

*

சிறு துண்டுகள்:

ஹார்ட்ரி ஃபீல்டு என்ற மெய்யியலாளர் 1980இல், எண்களே இல்லாமல் நியூட்டனின் ஈர்ப்பு விதியை எழுதிக் காட்டினார். எண் என்று ஒன்று உண்மையில் இல்லை என்பது அவர் கட்சி. முடியும் என்று காட்டியது பெரிய விஷயம். எந்தப் பொறியாளரும் அதைப் பயன்படுத்த மாட்டார் என்பதும் பெரிய விஷயம்.

உலகமே ஒரு கணித அமைப்புதான், வேறொன்றுமில்லை என்கிறார் மாக்ஸ் டெக்மார்க். படிக்கச் சுவை. எது நடந்தால் இது பொய்யாகும் என்று கேட்டால் எனக்கு எதுவும் அகப்படவில்லை.

நான்கு வண்ணத் தேற்றத்தை 1976இல் ஆப்பெல், ஹாக்கென் இருவரும் கணினியின் துணையோடு நிரூபித்தார்கள். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடிய இயந்திரத்தை நம்பித்தான் அந்த நிரூபணத்தை நம்ப வேண்டும். தேற்றம் சிலிக்கனைச் சார்ந்தது அல்ல. நாம் அதை அறிந்துகொண்டதுதான் சிலிக்கனைச் சார்ந்தது. மூளையும் அந்தக் கணக்கில் ஒரு பொருள்தானே.

*

நண்பரிடம் நான் சொல்ல வேண்டியதைத் தொகுத்துக்கொண்டால்: எதைக் கேட்பது என்பதில் கணிதம் உலகத்துக்குப் பெருங்கடன் பட்டிருக்கிறது, கேட்டதற்கு விடை சரியா என்பதில் சல்லிக்காசு கடன் இல்லை. இயற்பியல் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் கணிதத்தில் கடன் வாங்கியது; அந்த வாக்கியம் மெய்யா என்பதைக் கணிதம் ஒருபோதும் சொல்லாது. ‘சார்ந்தது’ என்று ஒரே சொல்லைப் போட்டு இரண்டு கடனையும் கலக்கிவிட்டதால்தான் இவ்வளவு நாள் வழக்கு இழுக்கிறது.

நண்பர் ஒப்புக்கொள்ள மாட்டார். “டீக்கு யார் கடன் சார்?” என்பார்.

*

இரண்டு கடனும் தீராமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஃபூரியேயின் புத்தகம் வந்த அதே 1822இல், பாய்மம் ஓடுவதற்கு நவியே ஒரு சமன்பாடு எழுதினார். 1845இல் ஸ்டோக்ஸ் அதைச் செம்மைப்படுத்தினார். விமான இறக்கை, வானிலை முன்னறிவிப்பு, இரத்த ஓட்டம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் கணினியில் போடுகிறார்கள். விமானம் பறக்கிறது. ஆனால் மூன்று பரிமாணத்தில், வழுவழுப்பாகத் தொடங்கிய ஓட்டத்துக்கு அந்தச் சமன்பாட்டின் தீர்வு என்றைக்கும் வழுவழுப்பாகவே இருக்குமா, அல்லது ஓரிடத்தில் வேகம் முடிவிலிக்குத் தாவிவிடுமா என்பதை யாரும் நிரூபித்ததில்லை. தாவினாலும் தண்ணீர் தாவாது; அதற்குள் மூலக்கூறுகள் வந்து குறுக்கே நிற்கும். ஆகவே எந்தக் குழாயையும் திறந்து பார்த்து இதற்கு விடை காண முடியாது. 2000இல் கிளே கணித நிறுவனம் இதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அன்று அறிவித்த ஏழு புதிர்களில் இதுவரை தீர்ந்தது புவான்கரே ஊகம் ஒன்றே. அதைத் தீர்த்த பெரல்மான் 2010இல் பணம் வேண்டாம் என்றுவிட்டார். இந்தக் குறிப்புகளைப் படிக்கிற மாணவர் யாருக்காவது பாய்மச் சமன்பாடு பிடித்திருந்தால், இடம் காலியாகத்தான் இருக்கிறது.